கதவு தானாகத் திறந்துகொண்டது

1

இந்தக் கதையை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். கீழ்த்தாடையில் பாதி மரத்துப் போயிருந்தது. வாய்க்குள் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், போதாததற்கு டாக்டரின் இரண்டு விரல்கள். வேர் சிகிச்சை என்பதால் திரும்பத் திரும்பப் போகவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "ஆ" என்பதைத் தவிர என்னால் எந்த அபிப்பிராயமும் சொல்ல முடியவில்லை. திருப்பிக் கேள்வி கேட்க முடியாத ஓர் ஆளுக்காக அவர் காத்திருந்தாரோ என்னவோ.

நான் கதை எழுதுகிறவன் என்று அவருக்குத் தெரியும். "எழுதிக்கோங்க சார். பேரு மட்டும் போட்டுடாதீங்க" என்றார்.

(ஆகவே இதில் யாருக்கும் பெயர் கிடையாது. காருக்கும் கிடையாது. இத்தாலியில் செய்தது, நெடுந்தூரம் சொகுசாகவும் வேகமாகவும் போவதற்கென்றே செய்தது, செய்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இவ்வளவு போதும்.)

எழுத உட்கார்ந்ததும் முதல் வாக்கியம் இப்படி வந்து விழுந்தது:

மலைப்பாதையில் வண்டி இறங்கிக்கொண்டிருந்தபோது டாக்டரின் மனைவி கதவைத் திறந்து

அடித்துவிட்டேன். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்த மனிதரையும் அந்தக் காரையும் பார்க்காமல் நேரே அங்கே போனால் உங்களுக்கு அது வெறும் விபத்துச் செய்தி.

2

டாக்டர் நிதானமான ஆள். வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். ஐம்பதைத் தாண்டியவர். மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். சின்னதாக ஒரு வெள்ளைக் கார் வைத்திருந்தார். அதில் ஹாரன் வேலை செய்யவில்லை என்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அடிக்கவேண்டிய அவசியம் வந்ததில்லை.

கடைவாய்ப் பல் உடைந்து வந்த கட்டடக் காண்டிராக்டர் ஒருவர்தான் ஆரம்பித்து வைத்தார். பழைய பங்களா ஒன்றை இடிக்கும்போது கொட்டகையில் ஒரு கார் கிடந்ததாம். பங்களாக்காரர் அதையும் சேர்த்து எடுத்துப் போகச் சொல்லிவிட்டாராம்.

"எனக்கு இது தலைவலி டாக்டர். கதவைத் திறந்து உக்காந்தா முட்டி மூக்குல இடிக்குது. யாராவது பிரியப்பட்டவங்க கிடைச்சா குடுத்துடுவேன்."

"சும்மா ஒரு தடவை வந்து பாக்குறேன்" என்றார் டாக்டர், மரியாதைக்கு.

சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு படுதா. காண்டிராக்டர் அதன் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே போனார். முதலில் மூக்கு வந்தது. வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளமான மூக்குக்குப் பின்னால் எங்கேதான் ஆள் உட்காருவது என்று டாக்டர் நினைத்தபோது தாழ்ந்த கூரையும் இரண்டே கதவுகளும் வந்தன. அடர் பச்சை. தூசுக்கு அடியிலும் அந்தப் பச்சை ஈரமாக இருந்தது. மரத்தில் ஸ்டியரிங். கம்பிகள் வைத்த சக்கரங்கள். பின்னால் ஒரு சீட் உண்டு, பெட்டி வைக்கலாம்.

காண்டிராக்டர் சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்பே டாக்டரின் அடிவயிற்றில் கேட்டது. நாள் முழுக்க ஊசிச் சத்தமாய்ச் சுழலும் ஒரு கருவியோடு வாழ்கிறவர் அவர். ஓர் இயந்திரம் இப்படித் தொண்டையைத் திறந்து பேசும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எடுத்துக்குறேன்" என்றது ஒரு குரல். அது தன்னுடையது என்று தெரிந்ததும் அவர் ஆடிப்போனார்.

(விலையை விட்டுவிடுகிறேன். சொந்த ஊர் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டுவதாக இருந்தார்கள், இப்போது கட்டவில்லை.)

மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதே கட்டடத்தில், இவருடைய கிளினிக்குக்குக் கீழ்த்தளத்தில், காது கேட்கும் திறனைச் சோதிக்கிறவர். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, 'டிங்' கேட்டதும் கையைத் தூக்கச் சொல்வார்களே, அந்த வேலை. என் முதல் வரைவில் இவரைக் கோபக்காரியாக எழுதினேன். கார் வாசலில் வந்து நிற்கிறது, மனைவி குதிகுதியென்று குதிக்கிறார், பாத்திரம் பறக்கிறது. படித்துப் பார்த்தால் எனக்கே கூசியது. புருஷன் ஆசைப்பட்டு எதையாவது வாங்கினால் பெண்டாட்டி கத்தவேண்டும் என்று என் பேனா தானாகவே முடிவுசெய்துகொள்கிறது. டாக்டர் சொன்னதில் அப்படி ஒன்றுமே இல்லை.

அந்த அம்மா கீழே வந்தார். காரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"கார்."

"அது தெரியுது. யாரோடது?"

"நம்மளோடது."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சுற்றிப் போய் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, தண்ணீர், எண்ணெய், பெட்ரோல் காட்டுகிற வட்ட வட்டமான மீட்டர்களின் இத்தாலியப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார். "அக்வா... ஒலியோ... பென்சீனா... மூணு பொண்ணுங்க பேரு மாதிரி இருக்கு." அப்புறம் தலையை வெளியே நீட்டி, "நான் எப்ப ஓட்டலாம்?" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தன்னை இவ்வளவு திகைக்கவைத்ததில்லை என்றார் டாக்டர், என் வாய்க்குள் பஞ்சை மாற்றிக்கொண்டே. பிறகு ஒரு நொடி நிறுத்தி, "அதுக்கப்புறம் இன்னொரு தடவை திகைக்க வெச்சா" என்றார்.

3

இனி அவர் சொன்னபடியே எழுதுகிறேன். என் கைச்சரக்கு எதுவும் கிடையாது.

ஒரு விடுமுறை நாள் காலை. மலைமேல் ஏரி இருக்கிறது, அதுவரை போய்விட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். ஏறும்போது டாக்டர் ஓட்டினார். அவர் ஓட்டினார் என்று சொல்வதைவிட, வண்டி அவரைக் கூட்டிக்கொண்டு போனது என்று சொல்லலாம். ஒவ்வொரு வளைவிலும் இழுத்துப் பிடித்து, வளைவு முடிந்ததும் அவிழ்த்துவிட்டதுபோல் பாய்ந்தது. எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர், வாழ்நாளில் முதல்முறையாக, தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

ஏரிக்கரையில் காப்பி குடித்தார்கள். திரும்பும்போது மனைவி சாவிக்குக் கை நீட்டினார்.

"இறக்கம்டி."

"அதனால என்ன? உங்களைவிட நான் நல்லாத்தான் ஓட்டுவேன்."

அது உண்மை. கொடுத்தார்.

பாதி மலை இறங்கும்வரை ஒன்றும் இல்லை. அவர் நன்றாகத்தான் ஓட்டினார். பிறகு ஒரு வளைவுக்குச் சற்று முன்னால், "பிரேக் இல்ல" என்றார். குரலில் பதற்றமே இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல.

"என்ன?"

"பிரேக் இல்லைங்க. மிதிச்சா தரை வரைக்கும் போகுது."

"திரும்பத் திரும்ப மிதி. கியரைக் குறை."

கியர்ப்பெட்டி கர்ரென்று உறுமிவிட்டு ஒப்புக்கொண்டது. எஞ்சின் அலறியது. வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அந்த வளைவை எப்படியோ தாண்டிவிட்டார்கள். அடுத்தது தெரிந்தது. இடதுபக்கம் வெட்டிய பாறை. வலதுபக்கம் முழங்கால் உயரத் தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. டாக்டர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது அடைத்துப்போயிருந்தது. திடீரென்று குளிர்காற்று அடித்தது. திரும்பினால் ஓட்டுநர் சீட் காலி.

கதவு ஒரு முறை அடித்து, திரும்பத் திறந்து ஆடியது. அந்தக் காலத்து வண்டி, சீட் பெல்ட் கிடையாது. தோல் இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்த பள்ளம் மெதுவாக மேலே எழுந்து சமமானதை அவர் பார்த்தார். அதைப் பார்க்கிற நேரமா அது? ஆனால் அதைத்தான் பார்த்தார்.

பிறகு நடந்ததையெல்லாம் கைகள் செய்தன. நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். எட்டி ஸ்டியரிங்கைப் பாறைப்பக்கம் திருப்பினார். பச்சை உடம்பு பாறையில் உரசிக்கொண்டே, பொறி பறக்க, கூவிக்கொண்டே போய், சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் மூக்கைச் செருகி நின்றது.

அவர் இறங்கி மேலே ஓடினார். மனைவி ஓரத்து வாய்க்காலில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. முகமெல்லாம் மண்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் அவர்.

பின்னால் வந்த லாரிக்காரர் நிறுத்தி இறங்கி ஓடிவந்தார். "என்ன சார், என்ன ஆச்சு? அம்மா எப்படி வெளிய விழுந்தாங்க?"

"கதவு தானா திறந்துக்கிச்சு" என்றார் டாக்டர்.

யோசித்துச் சொன்னதில்லை. மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று டாக்டருக்கு இன்றுவரை தெரியவில்லை.

4

தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில், அக்கம்பக்கத்தில், போனில் மகளிடம், எல்லோரிடமும் கதவு தானாகத்தான் திறந்துகொண்டது. மகள் அழுதாள். "அப்பா, மொதல்ல அந்தச் சனியனை வித்துத் தொலைங்க." டாக்டர் விற்கவில்லை. வண்டி பட்டறையில் கிடந்தது.

அவருக்குக் கோபம் இல்லை என்றார். நான் நம்புகிறேன். கோபத்துக்கு ஒரு திசை இருக்கும். இது திக்பிரமை. பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போதே சில சமயம் அவர் கை நின்றுவிடும். விளக்கு என் கண்ணில் அடிக்கும். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒரு வார்த்தை சொல்லலை சார். 'குதிக்கிறேன், நீங்களும் குதிங்க'ன்னு ஒரு வார்த்தை. இத்தனை வருஷம்... நான் பக்கத்துல இருக்கேன்ல?"

"ஆ" என்றேன்.

"அவ இப்ப முன்னைவிட அன்பாத்தான் இருக்கா. காப்பி ஆறிடுச்சுன்னா கேக்காமலே மறுபடி சூடு பண்ணிக் குடுக்குறா. அதைப் பார்த்தாத்தான் எனக்கு நெஞ்சு அடைக்குது. குத்த உணர்ச்சிதானே அது? நான் கேட்டேன்னா உடைஞ்சிடுவா. அதான் கேக்கலை. கதவாவே இருந்துட்டுப் போகட்டும்."

இங்கேதான் கதையை முடிப்பதாக இருந்தேன். ஒரு கடைசி வாக்கியம்கூட வைத்திருந்தேன்: சில கதவுகள் திறந்தபின்

வேண்டாம். அசட்டுத்தனம்.

5

எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், சரிபார்க்கப் போவது. அந்தக் கதவின் கைப்பிடி எப்படி இருக்கும், மேலே தூக்குவதா பின்னால் இழுப்பதா என்று ஒரு வரிக்காகத் தேவைப்பட்டது. பட்டறைக்குப் போனேன்.

மெக்கானிக்கை எல்லோரும் 'டீசல்' என்று கூப்பிடுகிறார்கள். அவர் தொடுவது பெட்ரோல் வண்டிகளை மட்டும்தான். டாக்டரின் நண்பர் என்று சொன்னதும் ஸ்டூல் போட்டார். பச்சைக் காரின் ஒரு பக்கம் முழுக்கத் தகரம் தெரிந்தது. மூக்கு இல்லை, தனியாகக் கழற்றி வைத்திருந்தார்கள்.

கைப்பிடியை இழுத்துக் காட்டினார். "பாருங்க. நல்லா முழுசா இழுத்தாத்தான் திறக்கும். இது தானா திறக்காது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, சட்டென்று பேச்சை மாற்றினார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எதுவும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"பிரேக் ஏன் போச்சு?" என்றேன், சும்மா.

"பிரேக் ஆயில் போற ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள இத்துப்போயிருந்துச்சு. அதான் சொல்லியிருந்தேனே."

"யார்கிட்ட?"

"டாக்டர்கிட்டதான். புது ஹோஸ் கப்பல்ல வந்துட்டிருக்கு, வர்ற வரைக்கும் தெருவுல மெதுவா உருட்டிக்கோங்க, மலைப்பக்கம் மட்டும் கொண்டுபோயிடாதீங்கன்னு. சரி சரின்னாரு." துணியில் கையைத் துடைத்தவர் நிறுத்தினார். "ஏன், அம்மாவுக்குத் தெரியாதா?"

என் பார்வை தனியாகக் கிடந்த மூக்குக்குப் போனது.

"ஐயோ" என்றார் டீசல். ஸ்டூலைத் தேடி, அதில் நான் உட்கார்ந்திருந்ததால், கீழே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துகொண்டார். "தெரிஞ்சுதான் ரெண்டு பேரும் போனாங்கன்னுல்ல நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து மூன்றாவது பகுதியை மறுபடி படித்தேன். "இறக்கம்டி" என்று அவர் தயங்கிய இடம் இருக்கிறதே, அதை நான் கணவனின் சாதாரணக் கவலை என்று நினைத்து எழுதியிருந்தேன். இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

(டாக்டர் பக்கம் நின்று வாதாடிப் பார்த்தேன். நல்ல வெயில், ஒரே ஒரு விடுமுறை, முதல் ஆசை, ஒரு தடவையில் என்ன ஆகிவிடும். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற ஆளுக்கு இது பொருந்துகிறதா? பொருந்தவில்லை. அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்ட ஆளுக்குப் பொருந்துகிறது.)

6

கடைசி முறை போனபோது பல்லுக்கு உறை போட்டு அனுப்பினார். இப்போது எனக்கு வாய் இருந்தது. பேசவில்லை. படியிறங்கி வந்தேன். கீழ்த்தள வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரம், அறையில் யாருமில்லை.

"கதை எழுதுறவர் நீங்கதானே? எங்க கார் கதையை உங்ககிட்ட சொல்லிட்டிருக்காராமே. உள்ள வாங்க சார்."

கண்ணாடி அறைக்கு வெளியே இரண்டு நாற்காலிகள். அவர் இன்னும் ஒரு தோளைக் கொஞ்சம் தாழ்த்தியே வைத்திருந்தார்.

"கதவைப் பத்தி என்ன சொன்னார்?"

"தானா திறந்துகிச்சுன்னு..." என்றேன். கேட்கிறீர்களா? நானும் சொன்னேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

அவர் சிரித்தார். கண் கலங்கிய சிரிப்பு. "உங்ககிட்டயும் அதேதானா? அவருக்குத் தன் பெருமையைச் சொல்லிக்கவே வராது சார். கதவாவது திறக்குறதாவது! நான்தான் குதிச்சேன். அவர்தான் குதிக்கச் சொன்னார்."

"என்னது?"

"'குதி, குதி'ன்னு கத்தினார். அந்த எஞ்சின் சத்தத்துலயும் தெளிவாக் கேட்டுச்சு. ரெண்டு தடவை. என்னைத் தள்ளாத குறை. நான் குதிச்சேன். அவரும் அந்தப் பக்கம் குதிச்சிருப்பார்னு நெனச்சேன். உருண்டு விழுந்து எழுந்து பார்த்தா வண்டி கீழ போயிட்டிருக்கு, அவர் உள்ள இருக்கார்." கையைப் பிசைந்துகொண்டார். "என்னைக் காப்பாத்திட்டு அவர் உள்ளயே இருந்துட்டார் சார். அந்த லாரிக்காரர்கிட்ட அவர் கதவுன்னு சொன்னப்போ எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறந்தான் புரிஞ்சுது. பேரு வாங்கப் பிடிக்கலை அவருக்கு."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"எதுக்கு? கூச்சப்படுவார். நானும் கதவுன்னே சொல்லிட்டிருக்கேன்."

ஒருவேளை உங்களுக்கு அப்படிக் கேட்டதுபோல் இருந்திருக்குமோ என்று மென்று விழுங்கினேன்.

அவர் மேஜையிலிருந்த ஹெட்போனைத் தூக்கிக் காட்டினார். "ஊர்க்காதையெல்லாம் நான் சோதிக்கிறேன். எனக்குக் கேட்டது எனக்குத் தெரியாதா?"

7

ஆக என்னிடம் இப்போது மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மனைவி சொல்லாமல் குதித்துவிட்டாள் என்று கணவர் நம்புகிறார். கணவர் சொல்லித்தான் குதித்தேன் என்று மனைவி நம்புகிறார். பிரேக் போகும் என்று கணவருக்கு முன்பே தெரியும் என்பது மனைவிக்குத் தெரியாது.

அவர் கத்தினாரா? கத்தியிருக்கலாம். பிரேக் இல்லை என்று அவள் சொன்னதும் அது ஏன் இல்லை என்று அந்த வண்டிக்குள் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் கத்தல் மூளையைக் கேட்காமல் வந்து, மூளைக்குத் தெரியாமலே போயிருக்கலாம். கத்தாமலும் இருந்திருக்கலாம். ஓடுகிற வண்டியில் ஒருவரை விட்டுவிட்டுக் குதித்த பெண், அப்படி ஒரு குரலைக் கேட்டால்தான் மிச்சக் காலத்தை வாழ முடியும் என்று அவளுடைய காதே முடிவுசெய்திருக்கலாம். எழுதுகிறவன் எனக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று வைத்து ஒரு வரைவு எழுதினேன். அதில் அவர் கத்துவதை நானே கேட்டேன். அது பொய் என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது.

முடிவுகள் சிலவற்றை முயன்றேன். ஒன்றில் நான் டாக்டரைக் கூப்பிட்டு, உங்கள் மனைவி உங்களை விட்டுவிட்டு ஓடவில்லை என்கிறேன். அவர் முகம் மலர்கிறது. அடுத்த நொடியே, குதிக்கச் சொல்லும் அளவுக்குத் தனக்கு என்ன தெரிந்திருந்தது என்று அவரே யோசிக்க ஆரம்பிக்கிறார். இன்னொன்றில் அந்த அம்மாவே பட்டறைக்குப் போகிறார், டீசல் டயரிலிருந்து எழுந்து நிற்கிறார். அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவதில் யாரும் யாரிடமும் எதுவும்

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. டாக்டர். பின்னணியில் வண்டிச் சத்தம்.

"சார், கார் ரெடி! புது ஹோஸ், புது பிரேக், எல்லாம் புதுசு. மறுபடி அதே ஏரிக்குப் போறோம். அவளேதான் ஓட்டுவாளாம், ஒத்தைக் கால்ல நிக்கிறா. கதை முடிஞ்சுதா?"

"கிட்டத்தட்ட."

"எடுத்துட்டு வாங்க. போற வழியில உங்க வீட்டுப்பக்கம்தான் வரோம். ஏரிக்கரையில உக்காந்து ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கணும்னு சொல்றா."

பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல். "முழுசாத் தரச் சொல்லுங்க! பாதியைத் தந்துடப் போறார்!"

இந்த ஏழாவது எப்படியும் என்னிடமே இருக்கும். நாலாவது பகுதியை எடுத்துவிட்டால் அவர் பிரேக் விஷயத்தை மறைத்தவர், ஆனாலும் மனைவியைக் காப்பாற்றிய மனிதர். ஐந்தை எடுத்துவிட்டால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டவர்கள், படித்ததும் கட்டிக்கொண்டு அழலாம். ஆறை எடுத்துவிட்டால் அவர் அந்தக் காலி இருக்கையோடு கடைசிவரை இருப்பார். எதையும் எடுக்காமல் கொடுத்தால், ஏரியிலிருந்து திரும்பி இறங்கும்போது அந்த வண்டியில் யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

கீழே சத்தம் கேட்கிறது. தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். தாள்களோடு லிஃப்டுக்குள் நிற்கிறேன். இந்த வரிகளைப் பென்சிலால், சுவரில் தாளை அழுத்தி எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் நடுவில் ஒரு மாடியில் நின்றது, யாரும் ஏறவில்லை, கதவு மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு பகுதியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்க இன்னும் அவகாசம் இருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள். சீக்கிரம் சொல்லுங்கள், எதை?